விலகும் கை

"அழுத்தாதீங்கன்னா கேக்கறீங்களா பாருங்க. பரோட்டாவுக்கு மாவு பிசையற மாதிரி பிசையறீங்க."

"அழுத்தாம எப்படிங்க தண்ணி எறங்கும்? சும்மா தடவிக் குடுத்தாப் போதுமா?"

"தடவக்கூட வேண்டாமுங்க. தோலை மட்டும் லேசா இழுத்து விடணும். நீங்க வந்துட்டுப் போனதே உள்ள இருக்கற சதைக்குத் தெரியக்கூடாது."

"அப்பா, எந்திரிங்க. நான் பண்றேன்."

"நீ பண்ணித்தான் இத்தனை நேரமா சிவப்பு வெளிச்சமே காட்டிட்டிருக்குது."

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த ஹேமலதாவுக்கு, தன் இடது கையைச் சந்தையில் வைத்து ஆளாளுக்கு விலை கேட்பது போலிருந்தது. அந்தக் கை இப்போது அவளுடையதாகவே இல்லை. தோளில் தொடங்கி விரல் வரைக்கும் நீரில் ஊறிய மரம் போல அது தனியாகக் கனத்துக் கிடந்தது. மார்பில் கட்டியை எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஏற்றத் தொடங்கிய கீமோ மருந்து மிச்சத்தைச் செய்தது. கணவன் மோகனசுந்தரம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மகள் இலக்கியா அந்த மெல்லிய கையுறையை அவரிடமிருந்து பிடுங்கி மாட்டிக்கொண்டாள். வெங்காயத் தோல் போன்ற கையுறை அது. அதை அணிந்தவர் எப்படித் தொடுகிறாரோ அப்படியே ஹேமாவின் கையில் மாட்டியிருந்த சாம்பல் நிற ஸ்லீவ் கற்றுக்கொள்ளும். பிறகு பகல் முழுக்க அந்த ஆள் பக்கத்தில் இல்லாமலே அதேபோலத் தொட்டுக்கொண்டிருக்கும். திருப்பூரிலேயே பின்னிய துணிதான். ஆனால் அதன் இழைகள் தசை போலச் சுருங்கி விரியும்.

இலக்கியா தொட்டாள். அம்மா செத்துவிடக் கூடாது என்ற பயம் முழுதும் அவள் விரல்களில் இருந்தது. தொட்ட இடத்தைவிட்டு விரல் நகர மறுத்தது. ஸ்லீவின் ஓரத்தில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

"பாசம் இருக்கற கைக்கெல்லாம் இதே வியாதிதானுங்க," என்றாள் ரோஸ்லின். வீக்கத்துக்கு வைத்தியம் பார்ப்பதற்கென்றே அந்த மருத்துவமனையில் இருந்த பிசியோதெரபிஸ்ட் அவள். "பிடிச்சா விடறதில்லை. தோலுக்கடியில முடியைவிடச் சன்னமா வழி இருக்குது. லேசா இழுத்துச் சட்டுனு விட்டா அது திறந்து தண்ணியை வாங்கிக்கும். அழுத்தினா மூடிக்கும். இழுக்கறதை யாருக்கு வேணும்னாலும் சொல்லிக் குடுத்தர்லாம். விடறதுதான் வர மாட்டேங்குது."

"ஸ்லீவ் வரும்போதே அதுக்குள்ள ஒரு கை இருந்துச்சே," என்றார் மோகனசுந்தரம். "அது நல்லாத்தானே வேலை செஞ்சுது?"

"அது கம்பெனிக் கைங்க. எங்களை மாதிரி ஆளுக குடுத்ததுதான். பழகின கை, அச்சு மாதிரி ஒரே மாதிரி விழும். கொஞ்ச நாள்ல உடம்பு அதைக் கண்டுக்கறதில்லை. ஃபேன் சத்தம் போகப்போகக் காதுல விழாமப் போறதில்லீங்களா, அந்த மாதிரி. வீட்டாளு கைன்னா ஒரு தடவை தொட்ட மாதிரி மறு தடவை தொடாது. வாரா வாரம் புதுசாப் பாடம் எடுத்தா ஏமாத்தாம வேலை செய்யும்."

சற்று முன்புதான் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போன முறை கை சிவந்து காய்ச்சல் கண்டதில், ஹேமா பிழைத்ததே பெரிது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லாத நேரத்தில் இவ்வளவு வீக்கத்தோடு இன்னொரு முறை மருந்து ஏற்ற மாட்டாராம். வீக்கம் வடியவில்லையென்றால் வேறு மருந்துக்கு மாற வேண்டும். அந்த மருந்தைப் பற்றிப் பேசும்போது அவர் ஹேமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டுல வேற யாரும் இல்லீங்களா?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

"இல்லை," என்றாள் ஹேமா.

"தம்பி சம்சாரம் இருக்குது," என்றார் மோகனசுந்தரம், அதே மூச்சில்.

ஹேமா கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கல்யாணமான நாள் தொட்டு அவர் செய்த எல்லாத் தவறுகளும் வரிசையாக வந்து நின்றன.

அவர்கள் வீட்டில் மோகனசுந்தரத்தின் தம்பி விவேகனும் அவன் மனைவி தாரணியும் மாடியில் இருந்தார்கள். தாரணி சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். விவேகன் அங்கேதான் அவளைப் பார்த்து, யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டு வந்தான். அவள் எந்தத் தெருவில் பிறந்தவள் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்டார்கள். சண்டை கிடையாது. விரட்டவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் போனது, தீபாவளிக்குப் பலகாரம் போனது. எல்லாம் மாடிப்படியின் கீழ்ப்படி வரைக்கும் போனது. ஹேமா அதில் வைத்துவிட்டுத் திரும்பிய பிறகு தாரணி இறங்கி வந்து எடுத்துக்கொள்வாள். தாரணி கொடுக்க வேண்டியதும் அப்படியே: சாவியோ, கூரியரில் வந்த பொட்டலமோ, ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ, படியில் வைத்துவிட்டு ஹேமாவின் கை வருவதற்குள் தன் கையை எடுத்துவிடுவாள். முதல் வருடத்தில் ஒருமுறை எடுக்கத் தாமதமாகி விரல் பட்டுவிட்டது. ஹேமா போய்க் கையைக் கழுவிக்கொண்டாள், குழாயைக் கொஞ்சம் பெரிதாகவே திறந்து. அதற்குப் பிறகு தாமதம் ஆனதே இல்லை.

'நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை' என்று ஹேமா உறவினர்களிடம் பெருமையாகச் சொல்வாள். அது உண்மை. அவள் பெயரைக்கூடச் சொன்னதில்லை. 'மாடி' என்றுதான் சொல்வாள். மாடிக்குத் தண்ணி வருதான்னு பாரு. மாடி வேலைக்குப் போயாச்சா.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வந்தபோது மாடியும் கூட வந்தது. மோகனசுந்தரம் போய்க் கெஞ்சியிருக்கிறார் என்று ஹேமாவுக்குத் தெரிந்தது. எந்தப் படியில் நின்று கெஞ்சினார் என்பதுதான் தெரியவில்லை.

"நான் தொடலாமுங்களா?" என்றாள் தாரணி. ரோஸ்லினைத்தான் கேட்டாள். ஆனால் பார்வை ஹேமாவின் மீது இருந்தது.

"அதுக்குத்தானே வரச் சொன்னது," என்றாள் ரோஸ்லின்.

ஹேமா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோல், தொடுகை வருவதற்கு முன்பே சுருங்கி அதற்குக் காத்திருந்தது. ஆனால் வந்தது தொடுகை போலவே இல்லை. தூரத்துத் தண்டவாளத்தில் ரயில் போய்விட்ட பிறகு காற்று மட்டும் வந்து தொடுமே, அப்படி. வந்தது, வந்த கணமே போய்விட்டது. மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் விரல்கள் சூட்டில் பட்டவை போல விலகின.

பச்சை வெளிச்சம் எரிந்தது. ஸ்லீவ் மெல்ல உயிர் பெற்றுத் தோளை நோக்கி அலையலையாகச் சுருங்கத் தொடங்கியது. பாடம் முடிந்து தாரணி கையுறையையும் ரோஸ்லின் ஸ்லீவையும் கழற்றியபோது ஹேமாவின் முழங்கைக்கு மேலே தோலில் சுருக்கம் தெரிந்தது. பல வாரங்களாகப் பார்க்காத சுருக்கம்.

"இந்த மாதிரி விடற கையை நான் பார்த்ததே இல்லீங்க," என்றாள் ரோஸ்லின். "எங்க கத்துக்கிட்டீங்க?"

"இவங்க வீட்டுலதான்."

"அப்புடீங்களா. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"இவங்களேதானுங்க. தினமும் பழக்குனாங்க."

"நல்ல குடும்பமுங்க உங்களுது," என்றாள் ரோஸ்லின் மனதார. மோகனசுந்தரம் செல்போனை எடுத்து, அழைப்பே வராத அதைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

திரும்பும்போது அவர் கடைக்குப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டார். இரண்டு பெண்களும் ஓட்டுநர் இல்லாத வண்டி ஒன்றில் பின்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. வண்டி தானாகவே பல்லடம் சாலையில் திரும்பியது.

"வாரா வாரம் வர்றேன்," என்றாள் தாரணி. "சும்மா வர மாட்டேன்."

ஹேமா இதை எதிர்பார்த்திருந்தாள். பங்கு கேட்பாள், கீழ்வீட்டைக் கேட்பாள், செத்துப்போன மாமியாரின் நகையைக் கேட்பாள். "என்ன வேணும், சொல்லு."

"எதைக் குடுத்தாலும் என்ற கையில குடுக்கணும். நான் குடுக்கறதைக் கையில வாங்கணும். யாரு பார்த்துட்டிருந்தாலும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னா இத்தனை வருஷம் ஏன் முடியலைங்க?"

"எனக்குக் கை வீங்குனதும் உனக்கு வாய் வீங்கிருச்சு."

"வாய் முன்னயே இருந்துது. கேக்கத்தான் கீழ ஆளில்லை."

"மாட்டேன்னா?"

"கை உங்களுது," என்றாள் தாரணி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்குது."

மறுநாள் காலை ஹேமா வாசல் கதவின் சாவியை எடுத்துக்கொண்டு படியருகே போனாள். பழக்கத்தில் குனிந்தாள். இரண்டு படி மேலே தாரணி, முழுதும் இறங்கி வராமல், கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தபால்காரருக்கு முன்னால் நிற்பது போல, எந்த அவசரமும் இல்லாமல் நின்றாள். ஹேமா சாவியை அந்த உள்ளங்கையில் போட்டாள்.

"போடறதும் வைக்கறதும் ஒன்னுதானுங்க," என்றாள் தாரணி. "குடுங்க."

ஹேமா சாவியை எடுத்து மீண்டும் கொடுத்தாள். இருவரின் விரல்களும் பட்டன. ஹேமாவின் கால்கள் தாமாகக் குழாயடிக்குப் போயின. கீமோவால் கசந்த வாயைக் கொப்பளிக்கத்தான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கை வடிந்தது. பகலெல்லாம் அந்த ஸ்லீவுக்குள் தாரணியின் கை அவளைத் தொட்டுக்கொண்டும் விலகிக்கொண்டும் இருந்தது. அரிசி களையும்போது, டிவி பார்க்கும்போது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உதிர்ந்த முடியைப் பார்த்து அழும்போதுகூட இருந்தது. தன்னை ஒருபோதும் விரும்பாத ஒருத்தியின் கைக்குள் வாழ்வது வேறு யாருடைய கனவுக்குள்ளோ விழித்துக்கொண்டது போல இருந்தது. அதை உதறிவிடவும் முடியவில்லை. மருந்து ஏற்றும் நாட்கள் தவறாமல் வந்து போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமாவின் அக்கா சாந்தாமணி சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து ஊரில் யார் யாருக்குப் புற்றுநோய் வந்து யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, வேண்டுமென்றேதான், தாரணி மோர் டம்ளரோடு இறங்கி வந்தாள். ஹேமாவின் முன்னால் நின்று நீட்டினாள். டீப்பாய் பக்கத்திலேயே இருந்தது. அதில் வைத்திருக்கலாம்.

சாந்தாமணியின் கண் டீப்பாய்க்குப் போய்த் திரும்பியது. ஹேமா வலது கையை நீட்டி டம்ளரை வாங்கினாள். குடிக்கவும் செய்தாள். தாரணி காலி டம்ளர் திரும்பி வரும்வரை நின்று, அதையும் கையிலேயே வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

"அந்த மருந்து முடியைத்தான் கொட்ட வைக்கும்னு நெனச்சேன்," என்றாள் சாந்தாமணி. "அறிவையும் சேர்த்தா?"

"கை கொறையுதுக்கா."

"கொறையட்டும். அதுக்காக? உன்ற மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப நாலு பேரு என்ன கேப்பாங்க?"

"அம்மா இருக்காளான்னு கேப்பாங்க," என்றாள் ஹேமா.

சாந்தாமணி அன்று சாப்பிடாமலே கிளம்பினாள். சாத்துக்குடிப் பையை மட்டும் மறக்காமல் விட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு தாரணி மீது ஹேமாவுக்குப் பாசம் வந்துவிட்டதா என்றால் இல்லை. அக்கா முன்னால் தன்னை நிறுத்திவைத்து வேடிக்கை காட்டினாள் என்ற ஆத்திரம் உள்ளே புழுங்கிக்கொண்டுதான் இருந்தது. தாரணியும் ஒரு நாளும் 'எப்படி இருக்குது' என்று கேட்டதில்லை. பாடம் எடுக்கும்போது இருவரும் பேசினால் அது குத்தலாகத்தான் இருக்கும். ஆனால் கைகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவை தம் பாட்டுக்குப் பழகின. சொல்லாமலே ஹேமாவின் கை முன்னால் போனது. தாரணியின் கை, எதிர்க்கை பிடித்துக்கொண்டதா என்று பார்த்து, ஒரு கணம் காத்திருந்து, பிறகு விட்டது.

ஒரு மாலை ஹேமா கூடத்தில் படுத்திருந்தபோது படியில் தாரணியின் குரல் கேட்டது. தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கையில வாங்கறாங்கம்மா... ஆமா, அவங்கதான்... கையிலதாம்மா, கையில." மறுமுனையில் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள் போலிருக்கிறது. தாரணி மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக ஆகி ஹேமா கேட்டதில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீக்கம் திரும்பி வந்தது விரல்களில்தான் முதலில் தெரிந்தது. மோதிரம் இறுகியது. பிறகு மணிக்கட்டின் எலும்பு காணாமல் போனது. ஸ்லீவ் பச்சை காட்ட மறுத்தது. டாக்டர் அன்றைக்கு ஏற்ற வேண்டிய மருந்தை நிறுத்திவைத்தார். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் மருந்தை மாற்ற வேண்டியதுதான் என்றார்.

ரோஸ்லின் தாரணி எடுத்த பாடங்களைச் சுவர்த்திரையில் கோடுகளாக ஓடவிட்டாள். மலைகள் போல ஏறி இறங்கும் கோடுகள்.

"தொடறது ஒன்னும் மாறலீங்க. விடற இடத்தைப் பாருங்க. முன்ன மலையிலிருந்து கல்லு விழற மாதிரி சடார்னு எறங்குச்சு. இப்பச் சரிஞ்சு சரிஞ்சு எறங்குது. இவங்க கை கொஞ்சம் தங்கி நின்னு, அப்பறம் விடுது."

"நான் வேணும்னு பண்ணல," என்றாள் தாரணி.

"யாரும் வேணும்னு பண்ணறதில்லீங்க. உங்களுக்குள்ள நல்லா ஒட்டிருச்சு போல."

"ஒட்டெல்லாம் இல்லை," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

தாரணி மீண்டும் கையுறையை மாட்டிக்கொண்டு முயன்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு வெடுக்கென்று கையை எடுத்தாள். சிவப்பு. மெதுவாக எடுத்தாள். சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். ஹேமா அந்த வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. தாரணியின் கழுத்தில் ஓடும் வியர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெனச்சு விட்டா அது விடறது இல்லீங்க, பிடுங்கறது," என்றாள் ரோஸ்லின். "தானா வரணும்."

"இலக்கியாவை வரச் சொல்லட்டுமா?" என்றாள் ஹேமா. கேட்கும்போதே அதில் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மனசை விடாதீங்க. பழைய பழக்கம் உடம்பைவிட்டு எங்கயும் போகாது. சைக்கிள் மாதிரிதான். ஏறி உக்காந்தா வந்துரும்." ரோஸ்லின் திரையை அணைத்தாள். பிறகு, இரண்டு தோழிகளுக்கு யோசனை சொல்பவளைப் போல உற்சாகமாகச் சொன்னாள்: "வீட்டுல முன்ன என்ன பண்ணிட்டிருந்தீங்களோ, அன்னைக்குச் சொன்னீங்களே, இவங்க தினமும் பழக்குனாங்கன்னு, அதையே மறுபடியும் ஆரம்பிங்க. ஒரு வாரம் விடாமப் பண்ணுனாக்கூடக் கை திரும்பிரும். இந்த மருந்து முடியற வரைக்கும் பண்ணுனாப் போதும்."

இருவரும் தலையாட்டினார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வண்டியில் ஏறியபோது தாரணி ஹேமாவின் பையை வாங்கிக்கொண்டாள். கையில்தான். நடுவில் இருந்த இடம் எப்போது குறைந்ததென்று தெரியவில்லை, இப்போது பை மட்டும் அதில் இருந்தது. வெளியே சாயத் தொட்டிகளின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஹேமா தன் விரல்களை மடக்கப் பார்த்தாள். அவை பாதிக்கு மேல் மடங்கவில்லை. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. டாக்டர் முகத்தைப் பார்க்காமல் சொன்ன அந்த இன்னொரு மருந்தின் பெயர் நினைவுக்கு வந்தது. போனில் மூன்று முறை சொன்ன அந்தச் சின்னக் குரலும் வந்தது. அதை எவ்வளவு தள்ளினாலும் போகவில்லை.

"ஏங்க," என்றாள் தாரணி. 'அக்கா' என்று கூப்பிட வேண்டாமென்று முதல் வாரத்திலேயே ஹேமா சொல்லியிருந்ததால் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "வாயைத் திறந்து திறந்து மூடிட்டு வர்றீங்க. கேக்க வேண்டியதைக் கேட்டுருங்க."

"ஒன்னுமில்லை."

"அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுக்கு வேணும்னா புரியாம இருக்கலாம். எனக்குப் புரியும்."

வண்டி வேகம் குறைந்து அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. வீட்டின் கேட் தெரிந்தது. இறங்கிவிட்டால் கேட்க முடியாது. மோகனசுந்தரம் வாசலில் நிற்பார், இலக்கியா ஓடி வருவாள். ஹேமா தொண்டையைச் செருமினாள். அந்தப் பெயரை அவள் வாய் அதுவரை பழகியதில்லை. அதனால் முதலில் சத்தம் வரவில்லை.

"தாரணி," என்றாள்.

தாரணி திரும்பிப் பார்த்தாள்.

"மருந்து முடியற வரைக்கும் மட்டுந்தான். அதுக்கப்பறம் சாமி சத்தியமாக் கையிலயேதான். அக்கா வந்தாலும், யாரு வந்தாலும் கையிலயேதான்." வீங்கிய கையை மற்றக் கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நாளையிலிருந்து... மறுபடியும் படியிலயே வைக்கட்டுமா?"